கடக்வாஸ்லாவில் ஒரு சூடான்

புனே பக்கம் மாற்றலாகி வந்த நம்ம ஜனங்க ஞாயித்துக்கிழமை எங்கே போவாங்கன்னு ஜோசியம் பார்க்கவே வேண்டாம். ஒண்ணு சிங்ககட் கோட்டை. இல்லேன்னா கடக்வாஸ்லா அணைக்கட்டு. ஏரிக்கரையில் வரிசையாக வண்டி போட்டு, சோளக்கதிரைச் சுட்டு, எலுமிச்சம்பழ மூடியில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தேய்த்துக் கொடுப்பார்கள். அதைக் கடித்துக்கொண்டே தண்ணீரை வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புவது. மூணு வருஷமாக நாங்களும் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஏரிக்கு வடகரையில் தேசியப் பாதுகாப்பு அகாடமி, அதாங்க என்.டி.ஏ., இருக்கிறது என்று தெரியும். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை. ராணுவ இடம், வங்கிக்காரனுக்கு அங்கே என்ன வேலை?

இந்தத் தடவை போனதற்குக் காரணம் வீட்டுப் பெரியவள். பத்தாவது படிக்கிறாள். பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ. பரீட்சை எழுதப்போவதாக ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு வேளையில் அறிவித்தாள். தங்கமணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் மூணு தலைமுறையாக வாத்தியார், குமாஸ்தா, வங்கி, ரயில்வே. துப்பாக்கியைத் தொட்டவர் யாரும் கிடையாது.

நம்ம காலத்தில் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. அகாடமியில் பெண்களைச் சேர்ப்பதில்லை. 2021ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பெண்கள் பரீட்சை எழுதவே முடிந்தது. 2022ல் 19 பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் 17 பேர் 2025 மே 30ம் தேதி அணிவகுத்து வெளியே வந்தார்கள். அந்தப் படம் பேப்பரில் வந்ததிலிருந்துதான் எங்கள் வீட்டில் இந்தக் காய்ச்சல்.

எங்கள் கிளையில் பென்ஷன் வாங்கும் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் இருக்கிறார். அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "மொதல்ல இடத்தைப் பார்க்கட்டும் மேனேஜர் சாப், அப்புறம் ஆசைப்படட்டும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, அனுமதிக்கு எழுதிக் கொடுக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். அடையாள அட்டையெல்லாம் காட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேரும் உள்ளே போனோம். சின்னவனுக்குப் பீரங்கி பார்க்கணும். தங்கமணிக்கு, பொண்ணு எங்கே தூங்குவா, என்ன சாப்பிடுவா என்று பார்க்கணும்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது சைக்கிள்தான். கேடட்கள் கூட்டமாக, வரிசை கலையாமல் சைக்கிளில் போகிறார்கள். வகுப்பு ஒரு பக்கம், குதிரை லாயம் ஒரு பக்கம், நீச்சல் குளம் ஒரு பக்கம். பம்பாய் மாகாண அரசு கொடுத்த நிலம் 8,022 ஏக்கர். அகாடமி எடுத்துக்கொண்டது 7,015 ஏக்கர். இதில் நடந்து மாளுமா! தலைக்கு மேலே சிங்ககட், காலடியில் ஏரி, நடுவே வெட்டி விட்ட மாதிரி புல்வெளி. சென்னையில் ஒரு கிரவுண்டு வாங்குவதற்குள் நாக்குத் தள்ளியவன் நான். ஏக்கர் ஏக்கராகப் பார்த்ததில் கொஞ்சம் மூச்சடைத்தது உண்மை.

அப்புறம் அந்தக் கட்டடம். மூன்று மாடி. கருங்கல்லும் ஜோத்பூர் சிவப்பு மணற்கல்லும். வளைவு வளைவாகத் தாழ்வாரம், உச்சியில் குவிமாடம். என்.டி.ஏ. என்றாலே டிவியில் காட்டுவார்களே, அதேதான். பெயர் சூடான் பிளாக்.

"ஏன்ப்பா சூடான்? நம்ம ஊர்ப் பேரே கிடைக்கலையா?" என்றாள் பெரியவள்.

சுபேதார் சட்டென்று பதில் சொன்னார். சூடான் சர்க்கார் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது, அதான் இந்தப் பேர். சொல்லிவிட்டு மேலே நடந்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் போலிருக்கிறது.

வங்கியில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது போதுமா? ஒரு கணக்கில் ஒரு லட்சம் பவுண்டு வரவு என்றால் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்று கேட்காமல் நகர முடியாது. வீட்டுக்கு வந்து தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட விஷயம் எங்கேயோ போய்விட்டது. கொசுவத்தியைக் கொளுத்துங்க, 1940க்குப் போகணும்.

அப்போது சூடான் பெயருக்கு இங்கிலாந்தும் எகிப்தும் சேர்ந்து ஆண்ட நாடு. நிஜத்தில் வெள்ளைக்கார கவர்னர் ஜெனரலின் ராஜ்ஜியம். பக்கத்து எரித்திரியாவும் எத்தியோப்பியாவும் இத்தாலி கையில். 1940 ஜூனில் முசோலினி போரில் குதித்தார். ஜூலை ஆரம்பத்திலேயே இத்தாலியப் படை எல்லை தாண்டி கசாலா என்ற ரயில் ஊரையும், காலாபாத் என்ற எல்லைக் கோட்டையையும் பிடித்துவிட்டது. சூடானைக் காக்கப் போதுமான வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே இல்லை. பிரிட்டன் யாரைக் கூப்பிடும்? நம்மைத்தான்!

செப்டம்பரில் 5வது இந்திய டிவிஷன் சூடானில் இறங்கியது. எகிப்துப் பாலைவனத்தில் ஒரு சண்டையை முடித்த கையோடு 4வது இந்திய டிவிஷனும் வந்து சேர்ந்தது. சூடான்காரர்களின் சொந்தப் படையும் தோளோடு தோள் நின்றது. 1941 ஜனவரி 19ல் கசாலா திரும்பக் கிடைத்தது. அதோடு நிற்காமல் இத்தாலியர்களை எரித்திரியா மலைகளுக்குள் துரத்திக்கொண்டு போனார்கள். அங்கேதான் கெரன் வந்தது.

மலை நடுவே ஒரே ஒரு சாலை. இத்தாலியர்கள் பாறையை வெடி வைத்துச் சரித்து அதை அடைத்துவிட்டு, இரண்டு பக்கச் சிகரங்களிலும் உட்கார்ந்துகொண்டார்கள். ஏறிப் போகிறவன் தண்ணீர், குண்டு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு ஏற வேண்டும். பிப்ரவரி ஆரம்பத்திலிருந்து மார்ச் 27 வரை ஏழு வாரத்துக்கு மேல் சண்டை. ராஜ்புதானா ரைஃபிள்ஸ் சுபேதார் ரிச்பால் ராம் முதல் தாக்குதலில் பிழைத்து, ஐந்து நாள் கழித்து அடுத்ததில் இறந்தார். இறந்த பின் விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம், கடுவாலி, பட்டாணியர், மராட்டியர் என்று எல்லோரும் அந்த மலையில் இருந்தார்கள். இந்திய, பிரிட்டிஷ் படைகள் சேர்த்து 500 பேருக்கு மேல் பலி. 3,000க்கு மேல் காயம். நம்ம ஊர் ஆட்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். 4வது டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்றும் போயிருந்தது. சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது, அடைத்த பாதையைத் திறப்பது எல்லாம் சாப்பர்கள் வேலை. அவர்கள் வழி திறந்தால்தான் மற்றவர்கள் முன்னால் போக முடியும்.

கண்ணிவெடி என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. காலாபாத் பக்கம் பின்வாங்கிய இத்தாலியர்கள் வழி நெடுகக் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனார்கள். அதை எடுக்கும் வேலை 22 வயது செகண்ட் லெப்டினன்ட் பிரேமிந்திர சிங் பகத்துக்கு. நாலு நாள், 55 மைல், 15 கண்ணிவெடி வயல்கள். முன்னால் போகும் வண்டியில் இவர். இரண்டு முறை அந்த வண்டியே வெடித்துக் கூட இருந்தவர்கள் அடிபட்டார்கள். இவர் வேறு வண்டியில் ஏறிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். காதுச் சவ்வு கிழிந்து போன பிறகுதான் நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் வாங்கிய முதல் இந்திய அதிகாரி. பிற்பாடு லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். அவருடைய படைப்பிரிவு பாம்பே சாப்பர்ஸ். அதன் தலைமையகம் எங்கே தெரியுமோ? புனே கட்கி. நான் வாராவாரம் ஏதோ வேலையாகக் கடந்து போகிற இடம்!

சரி, பணத்துக்கு வருவோம். இந்தப் போருக்குப் பிறகு, 1941ல், சூடான் அரசு இந்திய வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவிடம் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. நோக்கம் ஒன்றுதான். சூடானைக் காக்க வந்து செத்த இந்திய வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம். அகாடமி, பள்ளிக்கூடம் என்று எந்தப் பேச்சும் அப்போது இல்லை.

கறாராகப் பார்த்தால் இது ஒரு வெள்ளைக்காரத் துரை இன்னொரு வெள்ளைக்காரத் துரைக்கு எழுதிய செக். ஆனால் கணக்கில் இருந்த பணம் துரையுடையது இல்லை. அந்நாளில் சூடானின் வருமானத்தில் பெரும்பங்கு பருத்தி. நைல் நதிப் பாசனத்தில் பருத்தி விளைவித்த குடியானவன் காசு அது. இந்தப் பக்கம், உயிரைக் கொடுத்ததும் குடியானவன் வீட்டுப் பிள்ளைகள்தான். கையெழுத்து மட்டும் துரைமார்களுடையது.

பணம் இந்தியா வந்த ஆறாவது வருஷம் நாடே இரண்டாகப் பிரிந்தது. மேஜை நாற்காலி முதல் ரிசர்வ் வங்கி இருப்பு வரை எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள். பாகிஸ்தானுக்குத் தர வேண்டிய 55 கோடி ரூபாய் பாக்கிக்காக 1948 ஜனவரியில் நடந்த களேபரம் எல்லோருக்கும் தெரியும். சூடான் பணத்தையும் பிரித்தார்கள். 70,000 பவுண்டு இந்தியாவுக்கு, 30,000 பாகிஸ்தானுக்கு. பணத்தைப் பிரித்துவிடலாம். கெரன் மலையில் ஒரே பட்டாலியனில் சீக்கியக் கம்பெனியும் முஸ்லிம் கம்பெனியும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துச் செத்திருக்கிறதே, அதை எந்த விகிதத்தில் பிரிப்பது?

தொழில் புத்தி விடவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்நாளில் ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று கட்டி வைத்திருந்தார்கள். பவுண்டுக்கு 240 பென்ஸ். ஆக ஒரு பவுண்டு 13 ரூபாய் 33 காசு. 1949ல் பவுண்டு மதிப்பிறங்கியபோது ரூபாயும் கூடவே இறங்கியதால் 1966 வரை இதே விகிதம்தான். 70,000 பவுண்டுக்குச் சுமார் 9 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய். இன்றைக்குப் புனேயில் ஒரு கார் வாங்கக் காணும் தொகை. அன்றைக்கு அது பெரிய பணம், ஆனால் அகாடமி முழுவதையும் கட்டக் காணாது.

அகாடமி யோசனை வேறு வழியாக வந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பயிற்சி கொடுக்கலாமா என்று பார்க்க 1945ல் தளபதி ஆக்கின்லெக் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். உலக நாடுகளின் ராணுவக் கல்லூரிகளை எல்லாம் ஆராய்ந்து 1946 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். கடக்வாஸ்லாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள்: மலை, ஏரி, கடலும் ரொம்பத் தூரமில்லை, பக்கத்திலேயே விமானத்தளம். போர்க்காலத்தில் படகிலிருந்து கரையில் இறங்கிப் பழகுவதற்காக அமைத்த பயிற்சி மையம் ஒன்றும் ஏரிக்கரையில் சும்மா கிடந்தது. 1949 அக்டோபர் 6ல் நேரு அடிக்கல் நாட்டினார்.

கட்டி முடிக்கும் வரை காத்திருக்க முடியாது என்று 1949 ஜனவரியிலேயே டேராடூன் கிளெமென்ட் டவுனில் வகுப்பைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே இருந்தது என்ன? போர்க்காலத்தில் இத்தாலியப் போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகைகள்! ஆப்பிரிக்காவில் நம் படைகளிடம் சிக்கிய இத்தாலியர்களை ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து இப்படிப் பல முகாம்களில் வைத்திருந்தார்கள். அவர்கள் காலி செய்த இடத்தில் சுதந்திர இந்தியாவின் கேடட்கள் படிக்க உட்கார்ந்தார்கள். 1954 கடைசியில் கடக்வாஸ்லாவுக்குக் குடிவந்து, 1955 ஜனவரி 16ல் முறைப்படி திறப்பு விழா நடந்தது.

இதற்கு நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் அந்த 70,000 பவுண்டை ஞாபகம் வைத்திருந்தார் பாருங்கள், அதைச் சொல்லணும். துரை போயாச்சு, சாம்ராஜ்ஜியம் போயாச்சு, ஆவணத்தில் பாதி பிரிந்து போயாச்சு. வேறு தலைப்பில் செலவெழுதி முடித்திருந்தால் கேட்க நாதி இல்லை. வங்கியில் இப்படி அனாதையாகக் கிடக்கும் தொகைகளின் கதி எனக்குத் தெரியும். அப்படி நடக்கவில்லை. அகாடமியின் பிரதானக் கட்டடச் செலவில் அதைச் சேர்த்துக் கொடுத்தவன் பெயரையே வைத்தார்கள்.

அதற்குள் கொடுத்தவனும் மாறியிருந்தான். 1953ல் சூடானின் முதல் தேர்தலை நடத்திக் கொடுத்தவர் நம் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். 1956 ஜனவரி 1ல் சூடான் சுதந்திரம் அடைந்தது. 1959 மே 30ல் சூடான் பிளாக்கைத் திறந்து வைத்தது சுதந்திர சூடானின் தூதர் ரஹ்மதுல்லா அப்துல்லா. இரண்டு காலனிகளுக்கு இடையே எழுதிய செக், இரண்டு சுதந்திர நாடுகளின் கணக்கில் பாஸ் ஆனது. (அந்த 17 பெண்கள் வெளியே வந்ததும் மே 30தான். 66 வருஷம் கழித்து. தற்செயல்தான், ஆனாலும் பெரியவள் இதைக் கேட்டதும் துள்ளினாள்.)

கட்டடத்தின் முன்கூடத்தில் வெள்ளைப் பளிங்கு பாவியிருக்கிறது. இத்தாலியப் பளிங்கு என்கிறார்கள். இத்தாலியோடு போரிட்டுச் செத்தவர்களுக்காக வந்த பணத்தில் எழுந்த இடத்துக்கு இத்தாலியப் பளிங்கு! யாரும் யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள்.

சுவரில் பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா பெற்ற பழைய மாணவர்களின் படங்கள். 1971 டிசம்பர் 16ல் 21 வயதில் எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்த அருண் கேத்ரபால். கார்கிலில் 1999 ஜூலையில் இறந்த மனோஜ் பாண்டே. அப்புறம் குர்பச்சன் சிங் சலாரியா. இவர் ஐ.நா. அமைதிப்படையில் போய் 1961 டிசம்பரில் காங்கோவில் இறந்தவர். அதுவும் ஆப்பிரிக்காதான். தங்கமணி அந்தப் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். வயதைப் பார்த்தாள். 26. ஒன்றும் பேசவில்லை.

வளாகத்தில் நினைவுக் குடில் ஒன்று இருக்கிறது. கேடட்கள் தங்கள் கையாலேயே கட்டியது. இங்கே படித்துவிட்டுப் போய்க் களத்தில் இறந்தவர்களின் பெயர்களுக்கான இடம். பார்த்துவிட்டு வெளியே வரும்போது எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து மேலே சொன்னதையெல்லாம் படித்த பிறகுதான் அதற்கு வார்த்தை கிடைத்தது. இந்தக் கட்டடத்துக்குப் பணம் வரக் காரணமானவர்கள் யாரும் இங்கே படித்தவர்கள் இல்லை. பெரும்பாலும் சாதாரண ஜவான்கள். அவர்களுக்காக வந்த பணத்தில் அதிகாரிகள் படிக்கும் வகுப்பறை எழுந்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கல்தூண் நட்டு வருஷத்துக்கு ஒரு நாள் மாலை போடுவதைவிட, தினமும் ஆயிரம் பிள்ளைகள் ஏறி இறங்கும் படிக்கட்டு எவ்வளவோ மேல். ஆனால் "சூடான் சர்க்கார் பணம் கொடுத்தது" என்று பாதியிலேயே கதை நின்றுவிடுகிறது. ஏன் கொடுத்தது என்கிற மீதிப் பாதியில்தானே அவர்கள் இருக்கிறார்கள்? அடுத்த முறை சுபேதார் பென்ஷனுக்கு வந்தபோது முழுதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ரிச்பால் ராம் சுபேதாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சூடானின் பின்கதையும் சந்தோஷமானதில்லை. 2011ல் அது இரண்டாகப் பிரிந்தது. 2023 ஏப்ரலில் அங்கே உள்நாட்டுச் சண்டை வெடித்தது. நம் அரசு 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்து 3,800க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்தது. தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. கடற்படைக் கப்பல்கள் போர்ட் சூடானுக்குப் போயின. கார்ட்டூம் அருகே வாடி சயித்னா என்ற இடத்தில், விளக்கே இல்லாத பழுதான ஓடுபாதையில், ராத்திரியில் விமானப்படை விமானத்தை இறக்கி 121 பேரை ஏற்றி வந்தார்கள்.

கெரனில் இறந்தவர்களைத் தேட முடியுமா என்று பெரியவள் கேட்டாள். முடியும். எரித்திரியாவில் கெரன் போர்க் கல்லறையும், தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவிடமும் இன்றும் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஒவ்வொரு பெயராகப் பார்க்கலாம். பெயர், நம்பர், படைப்பிரிவு, தேதி. சிலருக்கு அப்பா பெயர், மனைவி பெயர், கிராமம், ஜில்லா. இரண்டு ராத்திரி அவளும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். சில ஜில்லாக்கள் இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள். இன்னும் முடியவில்லை.